நாலு மாடும் நால்வரும்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாகத் தெற்கே சென்று, ராகியும் அவரையும் கலந்து விதைத்த கொல்லைகளைக் கடந்து, காடும் மலையும் நெருங்கி வரும் இடத்தில், தொட்டல்லா என்னும் காட்டாற்றின் பக்கமாக இருக்கும் அஞ்செட்டி, சரித்திரப் புத்தகங்களில் பெரிய இடம் பெற்ற ஊரன்று. ஆனாலும் பாஷைகளின் பூர்வோத்தரத்தை அறிய விரும்புகிறவன் பண்டிதர் சபைகளை ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தப் பக்கத்துச் சந்தை ஒன்றில் ஆடு பிடிக்க வந்தவர்களின் நடுவே நின்று காது கொடுத்தால், வியாகரண நூல்கள் பல அத்தியாயங்களில் விளக்க முயலும் ஒரு விஷயம் அங்கே விலை பேசும் சத்தத்தோடு சத்தமாகக் கலந்து கிடப்பதைக் கண்டுகொள்வான். எண்ணைச் சொல்லும் சொல்லும் எண்ணப்படும் பொருளைச் சொல்லும் சொல்லும் எவ்வாறு ஒன்றோடொன்று இணங்குகின்றன என்பதே அந்த விஷயம்.

தமிழ் பேசுகிறவர் ‘பத்து ஆடு’ என்கிறார். கன்னடம் பேசுகிறவர் ‘ஹத்து மேக்கெ’ என்கிறார். தெலுங்கு பேசுகிறவரோ ‘பதி மேகலு’ என்கிறார். முதல் இருவரும் பத்து என்ற சொல்லே போதும், ஆட்டின் பெயரில் மறுபடியும் பன்மையை ஒட்டவைப்பது வீண் என்று கருதுகிறவர்கள்போல் இருக்கிறார்கள். மூன்றாமவர் ‘லு’ என்ற பன்மை விகுதியைச் சேர்க்காமல் விடுவதில்லை. பத்து ரூபாய் என்று நாம் சொல்லுமிடத்திலும் அவர் ‘பதி ரூபாயலு’ என்றே சொல்லுவார். மூவரும் ஒரே கயிற்றில் கட்டிய ஒரே மந்தையைத்தான் எண்ணுகிறார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்காமல் போவதும் இல்லை, விலையில் காலணா வித்தியாசம் விழுவதும் இல்லை.

இந்த மூன்று பாஷைகளும் இங்கே ஒன்றாகக் குடியிருப்பது நேற்று ஏற்பட்ட ஏற்பாடன்று. சேலத்துப் பழைய வருவாய்க் கணக்குகளில் பாலாகாட் என்று வழங்கிய இந்த மேட்டுநிலம், 1792இல் திப்பு சுல்தான் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பாராமகால் கும்பினியார் கைக்குப் போனபோதும் மைசூரோடேயே நின்று, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகே சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி பாஷைவாரியாக ராஜ்யங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது ஓசூர் வட்டாரம் சென்னை ராஜ்யத்திலேயே தங்கியது. பின்னர் 1965இல் தருமபுரி ஜில்லாவிலும், 2004இல் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் அடங்கியது. கோடுகள் இவ்வாறு இடம் மாறினவே தவிர, கொல்லையில் களை பிடுங்குகிறவர்களின் பேச்சு அந்தக் கோடுகளைப் பொருட்படுத்தவில்லை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் இந்த ஓசூர்ச் சீமையைச் சேர்ந்ததுதான் என்பதை இங்கே நினைவுகூர்ந்தால், மும்மொழி என்பது இப்பக்கத்தார்க்குத் திட்டமாக வருவதற்கு வெகு காலம் முன்பே பழக்கமாக இருந்தது என்பது விளங்கும்.

ஆடு மாடுகளை விட்டு மனிதர்களை எண்ணத் தொடங்கும்போது விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. தெலுங்கர் இரண்டு மனிதர் என்று சொல்வதில்லை; ‘இத்தரு’ என்கிறார். மூன்றானால் ‘முக்குரு’, நான்கானால் ‘நலுகுரு’, பிறகு ‘ஐதுகுரு’, ‘ஆருகுரு’, ‘ஏடுகுரு’. ஏழுக்கு மேல் போனால்தான் ‘எனிமிதி மந்தி’ என்று தனிச்சொல் ஒன்றைத் துணைக்கு அழைக்கிறார். கன்னடத்தில் ‘இப்பரு’ என்பது இன்றும் வாயில் புழங்குகிறது. ‘மூவரு’, ‘நால்வரு’ என்பவை எழுத்திலும் மேடையிலும் தலைகாட்டுகின்றன. வீட்டுப் பேச்சில் ‘மூறு ஜன’, ‘நாக்கு ஜன’ என்றே கேட்கிறது. தமிழில் இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், எழுவர், எண்மர், பதின்மர் என்று நீண்ட வரிசை ஒன்று இருந்தும், பேச்சில் ‘ஒருத்தன்’, ‘ஒருத்தி’, ‘ஒருத்தர்’ என்ற மூன்றைத் தவிர மற்றவற்றை நாம் கிட்டத்தட்டக் கைவிட்டு, ‘ரெண்டு பேரு’, ‘மூணு பேரு’ என்று ‘பேர்’ என்ற ஒரே சொல்லின் தோளில் பாரத்தையெல்லாம் ஏற்றிவிட்டோம். பழைய வரிசை இப்போது கோயில் வாசலில்தான் மிச்சமிருக்கிறது: சைவ சமயாசாரியர்கள் நால்வர், ஆழ்வார்கள் பன்னிருவர், மயிலாப்பூரில் பங்குனியில் வீதி வலம் வருகிறவர்கள் அறுபத்துமூவர். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்திருக்கும் வங்காளிகளும் ஒடியர்களும் தங்கள் தங்கள் பாஷையில் மனிதர்களை எண்ணும்போது எண்ணுக்குப் பின்னே ‘ஜன’ என்ற சொல்லின் ஒரு வடிவத்தையே வைக்கிறார்கள். கன்னடக்காரருக்கு அது மட்டும் உடனே புரிந்துவிடுகிறது.

ஆக, இத்தென்மொழிகளின் கொள்கை இதுதான்: எண்ணுகிற சொல், எண்ணப்படுவது மனிதனா மற்றதா என்று முதலில் கேட்கிறது. உயர்திணை, அஃறிணை என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் வாசலிலேயே வகுத்த பாகுபாடு சந்தையில் நிற்கும் எழுத்தறியாத கிழவருக்கும் வாயோடு வந்ததாக இருக்கிறது.

இதை நன்றாக உணர்ந்துகொள்வதற்கு, முற்றிலும் வேறான கொள்கையுடைய ஒரு பாஷையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இத்தாலிய பாஷையை அதற்காகத் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. தெலுங்கைக் கீழ்நாட்டு இத்தாலியம் என்று ஐரோப்பியர் வெகுநாளாகப் புகழ்ந்து வந்திருக்கிறார்கள். சொற்களெல்லாம் உயிரெழுத்தில் முடிவது கண்டு அவ்வாறு சொன்னார்கள். அந்தப் பட்டத்தை முதலில் சூட்டியவர் யார் என்ற வழக்குக்குள் நான் நுழையப் போவதில்லை. அதைவிட முக்கியமான காரணம், தமிழுக்கும் கன்னடத்துக்கும் பழைய நாளில் இலக்கணம் எழுதிய ஐரோப்பியரில் தலையாய சிலர் இத்தாலியராக இருந்தனர் என்பதே.

இத்தாலியத்தில் ‘மோல்த்தோ’ என்ற சொல்லுக்கு மிகுதி என்று பொருள். ரொட்டி புல்லிங்கம் ஆகையால் நிறைய ரொட்டி ‘மோல்த்தோ பானே’; தண்ணீர் ஸ்திரீலிங்கம் ஆகையால் நிறையத் தண்ணீர் ‘மோல்த்தா ஆக்வா’; புத்தகங்கள் புல்லிங்கப் பன்மை, எனவே ‘மோல்த்தி லீப்ரி’; வீடுகள் ஸ்திரீலிங்கப் பன்மை, எனவே ‘மோல்த்தே காஸே’. ஒரே சொல் நாலு வேஷம் கட்டுகிறது. எவ்வளவு என்பதற்கும் எத்தனை என்பதற்கும் நாம் இரண்டு வேறு சொற்கள் வைத்திருக்கிறோம். அவர்கள் ‘க்வாந்தோ’ என்ற ஒரே சொல்லின் ஈற்றை மாற்றியே இரண்டையும் கேட்டுவிடுகிறார்கள். ஆனால் ‘மோல்த்தோ’ பெயரை விட்டு மற்றொரு விசேஷணத்தைத் தழுவி, மிகவும் அழகான பெண் என்பதில் வரும் ‘மிகவும்’ போல நிற்கும்போது, பெண்ணுக்காகவும் தன் உருவை மாற்றிக்கொள்வதில்லை. இத்தாலியம் கற்கும் வெளிநாட்டு மாணாக்கன் வழுக்கி விழுகிற படி இதுதான்.

விதி இவ்வளவு கறாராக இருந்தால், அதற்குள்ளே விலக்குகளும் விசித்திரமாகவே இருக்க வேண்டும் அல்லவா? ‘க்வால்கே’ என்ற சொல் சில என்று பொருள்படும். அதன் பின்வரும் பெயரோ எப்போதும் ஒருமை. சில புத்தகங்கள் என்ற கருத்தில் ‘க்வால்கே லீப்ரோ’, அதாவது சில புத்தகம், என்றுதான் அங்கே சொல்ல வேண்டும். நம்முடைய ‘பத்து ஆடு’ என்ற வழக்கை ஒழுங்கின்மை என்று எள்ளி நகையாடும் மேனாட்டு மாணவர் யாரேனும் இருந்தால், இந்த ‘க்வால்கே’யை அவர் முன்னே நிறுத்தலாம். எண்களை எடுத்துக்கொண்டால், ஒன்று என்பது மட்டும் ஆணுக்கு ‘ஊனோ’ என்றும் பெண்ணுக்கு ‘ஊனா’ என்றும் மாறுகிறது. இரண்டிலிருந்து அந்தப் பேதம் மறைந்துவிடுகிறது. லத்தீன் பாஷையில் இரண்டும் மூன்றும்கூட லிங்கத்துக்குத் தக்கபடி திரிந்தன. மக்கள் வாயில் பட்டுத் தேய்ந்து இத்தாலியமாக ஆனபோது அந்தத் திரிபு உதிர்ந்துபோயிற்று. தமிழிலும் ஒருவன், ஒருத்தி என்று ஒன்றில் மட்டுமே ஆண் பெண் வேற்றுமை. இருவர் என்று வந்ததும் இருபாலாரும் அதில் அடங்கிவிடுகிறார்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு குடும்பத்துப் பாஷைகள் ஒரே இடத்தில் வந்து நின்றதை யதேச்சை என்று தள்ளிவிடலாம். மனிதன் தனியாக நிற்கும்போதுதான் ஆணா பெண்ணா என்று உலகம் கேட்கிறது, கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் கேட்பதில்லை என்று காரணம் கற்பிக்கவும் செய்யலாம். எனக்கு இரண்டாவதில் கொஞ்சம் ஆசை உண்டு.

ஆயிரம் என்பதற்கு அங்கே ‘மில்லே’. இரண்டாயிரமானால் ‘தூயே மீலா’. நூறு எத்தனை சேர்ந்தாலும் உருமாறாதிருக்க, ஆயிரம் மட்டும் ஏன் மாறுகிறது என்றால், லத்தீனில் ஆயிரத்தின் பன்மை தனி நாமபதமாக ‘மீலியா’ என்று நின்றதன் அடையாளம் அது. அதைவிட ரசமானது பழைய அளவைகளின் கதை. தானியம் அளக்கும் மரக்கால் போன்ற ‘ஸ்தாயோ’, துணி அளக்கும் ‘ப்ராச்சோ’, தூரம் அளக்கும் ‘மீல்யோ’ முதலியன ஒருமையில் புல்லிங்கமாகவும், பன்மையில் ‘ஸ்தாயா’, ‘ப்ராச்சா’, ‘மீல்யா’ என்று ஸ்திரீலிங்கமாகவும் ஆகிவிடுகின்றன. ஒன்றாக இருந்தால் ஆண், இரண்டானால் பெண்! லத்தீனின் நபும்சகலிங்கப் பன்மை ‘ஆ’காரத்தில் முடிந்ததே இதற்கு மூலம், அந்த ஆகாரத்தை ஸ்திரீலிங்கத்தின் ஈறாகப் பின்வந்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள். ப்ளாரன்ஸ் நகரத்துத் துணி வியாபாரி சுமார் 58 சென்டிமீட்டர் நீளமுள்ள ப்ராச்சோவால் அளந்துகொண்டிருந்தான். 1861இல் இத்தாலி ஒரே ராஜ்யமாகி மெட்ரிக் அளவை சட்டமான பின்பு அந்த அளவுகோல் போய்விட்டது. எண்ணோடு சேரும்போது பாலை மாற்றிக்கொள்ளும் இலக்கண வழக்கம் மட்டும் இன்றும் போகவில்லை.

அந்த 1861ஆம் வருஷத்தில் இத்தாலியர் என்று பெயர் படைத்தவர்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் என்று தூல்லியோ தெ மௌரோ என்ற பாஷா சாஸ்திர அறிஞர் கணக்கிட்டார். இல்லை, பத்தில் ஒருவராவது இருப்பார் என்று மறுத்தவர்களும் உண்டு. எப்படியானாலும், 1525இல் பியெத்ரோ பெம்போ எழுதிய பாஷா நூலும், 1583இல் ப்ளாரன்ஸில் தோன்றிய குருஸ்கா சபை 1612இல் வெளியிட்ட அகராதியும் வகுத்துக் கொடுத்த செம்மொழி ஒரு பக்கம், மலைக்கு மலை மாறும் பிராந்தியப் பேச்சு மறு பக்கம் என்று அந்தத் தேசமும் பல நூற்றாண்டு வாழ்ந்தது. அப்படிப்பட்ட நாட்டில் பிறந்தவனுக்குச் செந்தமிழ், கொடுந்தமிழ் என்ற பாகுபாடு அதிசயமாகத் தோன்றியிராது.

மந்துவா சீமையில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்த கான்ஸ்தான்சோ ஜுஸெப்பே பெஸ்கி, நம்மவர் வீரமாமுனிவர் என்று கொண்டாடும் அந்த மகான், அந்தப் பாகுபாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு, கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு இலக்கணங்களை லத்தீனில் எழுதினார். முன்னது 1738இல் தரங்கம்பாடியில் டேனிய மிஷனாரது அச்சுக்கூடத்தில் அச்சாயிற்று. அவருக்கு முன்னே 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, 1623இல் காஷாய வஸ்திரத்தோடு வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். அஞ்செட்டிக்கு அப்பால் காவேரியைத் தாண்டினால் மைசூர்ச் சீமை. அங்கே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1649 வாக்கில் சேசு சபையின் மைசூர் மிஷனைத் தொடங்கிய லியோனார்தோ சின்னாமியும் இத்தாலியரே. கன்னடத்துக்கு ஓர் இலக்கணமும் சொற்கோவையும் அவர் செய்தார். பாதிரிமார் மதம் மாற்ற வந்தவர்கள் என்பதை மறக்க வேண்டுவதில்லை. வந்த வேலைக்காகவே அவர்கள் ஜனங்களின் வாயைக் கூர்ந்து கவனித்தார்கள் என்பதையும் மறுக்க வேண்டுவதில்லை.

எண்ணுகிற விஷயத்தில் வீரமாமுனிவருக்கு ஒரு தனி ருசி இருந்திருக்க வேண்டும். தமிழ் கற்கும் பாதிரிமாருக்காக லத்தீன் மொழிபெயர்ப்போடு அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில், குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறி, எல்லாரும் வந்து சேர்ந்தோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டே எண்ணுவதால் எத்தனை தடவை எண்ணியும் ஐந்துக்கு மேல் வரவில்லை. ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று ஆறு பேரும் அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் கூலி பேசிக்கொண்டு, கையிலிருந்த தடியால் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து, அடிபட்டவன் தன் பெயரைக் கூவக் கூவ எண்ணி, ஆறு பேரையும் மீட்டுக் கொடுக்கிறான். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இதை இங்கிலீஷில் வெளியிட்டார். கதையைச் சிரிப்புக்காகவே படித்துவிட்டுப் போகிறோம். எழுதியவர் தம் மாணாக்கருக்கு எண்ணும் முறையைப் பேச்சுத் தமிழில் பழக்குவதற்கு அழுகையும் அடியுமாக ஒரு பாடத்தை அமைத்துவிட்டார் என்பதைக் கவனிப்பவர் சிலர்.

இத்தாலியத்தில் அளவைச் சொல் பெயருக்கு இணங்கி உருமாறுகிறது, தமிழில் அந்தத் தொல்லை கிடையாது என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக்கூடாது. நம்மிடமும் இணக்கம் உண்டு. அது வேறிடத்தில் இருக்கிறது. எல்லாம் என்பதை அஃறிணைக்கும், எல்லாரும் என்பதைப் படர்க்கை மனிதர்க்கும், எல்லீரும் என்பதை முன்னிலையில் நிற்பவர்க்கும் வைத்து, அவை உருபேற்கும்போது கொள்ளும் சாரியைகளையும் தனித்தனியே விதித்திருக்கிறது தொல்காப்பியம். இத்தாலியத்தின் ‘தூத்தோ’ நாலு உருவம் எடுத்தாலும், எதிரே நிற்பவனா எங்கோ இருப்பவனா என்று கேட்பதில்லை. நம்முடைய சொல் அதைக் கேட்கிறது. ‘எல்லீரும்’ பேச்சிலிருந்து போய் வெகுகாலமாயிற்று. ‘பல’, ‘பலர்’, ‘சில’, ‘சிலர்’ என்ற பேதம் மட்டும் எழுத்தில் உறுதியாக நிற்கிறது. கன்னடத்தில் ‘கெலவு’, ‘கெலவரு’ என்றும், தெலுங்கில் ‘கொன்னி’, ‘கொந்தரு’ என்றும் அதே பேதம் அதே அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது. அஞ்செட்டிக்காரர் ஒருவர் ஒரே நாளில் மூன்று பாஷைக்கு மாறிப் பேசினாலும் இந்த இடத்தில் மட்டும் தடுமாறாமல் இருப்பதற்கு அந்தப் பொது அஸ்திவாரமே காரணம் என்பது என் அபிப்பிராயம். அவர் தடுமாறுகிறார் என்றால் அது ‘மேகலு’வின் ‘லு’வில்தான்.

அளவைகளுக்கும் இங்கே ஒரு சரித்திரம் உண்டு. கிலோ வருவதற்கு முன்னால் இந்தச் சீமையில் ராகியை வள்ளத்தாலும் கொளகத்தாலும் சேராலும் அளந்தார்கள். மைசூர்க் கணக்கில் 20 கொளகம் ஒரு கண்டுகம். ஊருக்கு ஊர் கொளகத்தின் கொள்ளளவு வேறுபட்டதை, 1800இலும் அடுத்த வருஷத்திலும் மைசூர் முழுவதும் சுற்றிய புகானன், 1807இல் அச்சான தம் பிரயாண நூலில் பொறுமையாகக் குறித்துவைத்தார். தமிழில் ‘மூணு வள்ளம்’ என்பார்களே தவிர ‘மூணு வள்ளங்கள்’ என்று ஒரு காலத்திலும் சொன்னதில்லை. கன்னடத்தில் ‘மூறு கொளக’. தெலுங்கில் ‘மூடு சேர்லு’ என்று அங்கேயும் பன்மை புகுந்துவிடும். அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் இன்ன ஒன்பது எழுத்துகளில்தான் தொடங்கும் என்று தொல்காப்பியர் வரையறுத்திருக்கிறார். வள்ளமும் கொளகமும் பிற்காலத்தில் வந்த சேரும்கூட அந்த வரையறைக்குள் சமர்த்தாக அடங்குகின்றன, கிலோவும் அடங்குகிறது, லிட்டர்தான் வெளியே நிற்கிறது. 1956ஆம் வருஷத்துச் சட்டத்தால் தசாம்ச அளவைகள் வந்து, 1962க்குள் பழைய படிக்கற்கள் விலக்கப்பட்டன. ‘ரெண்டு கிலோ’ என்றே கேட்கிறோம். கிலோக்கள் என்று கடையில் கேட்டவரை நான் பார்த்ததில்லை.

இனி என் மனத்தில் நெடுநாளாக உள்ள வழக்குக்கு வருகிறேன். எண் முன்னே வந்தால் அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ விகுதி வந்தே தீரவேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? தொல்காப்பியம் ‘கள்’ சேர்வதை அனுமதிக்கிறது. சேர்க்காமல் நிற்கும் பெயரின் ஒருமை பன்மையை வினையைக் கொண்டு அறியலாம் என்றும் சொல்கிறது. பவணந்தியார் இத்தகைய பெயருக்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்றே பெயரிட்டார். அந்த நன்னூலை எழுதுவித்தவன் சீயகங்கன் என்பது பாயிரத்தாலேயே தெரிகிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவனான அவன், குவளாலபுரம் என்று சாசனங்கள் கூறும் கோலாருக்கு உரிமை பாராட்டிய கங்கர் குலத்தவன். ஆகவே தமிழின் பாடசாலைகளையெல்லாம் எழுநூறு எண்ணூறு வருஷமாக ஆண்டுவரும் இலக்கண நூல், கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கிய இந்த எல்லைச் சீமையின் ஆதரவில்தான் பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இலக்கணத்தை நம்பாதவர்கள் கல்லை நம்பலாம். சோழர் சாசனங்களில் கோயிலுக்கு ஒரு நொந்தா விளக்கு எரிப்பதற்கு விட்ட ஆடுகளின் கணக்கு எண்ணற்ற இடங்களில் வருகிறது. சாவாமூவாப் பேராடு தொண்ணூறு, சில இடங்களில் தொண்ணூற்றாறு. பேராடுகள் என்று அங்கே கேட்டதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பக்கங்களில் நிற்கும் நடுகற்களைப் பாருங்கள்: ஆநிரையைக் கவர வந்தவரோடு போரிட்டு மாண்டவனுக்கு எடுத்த கல்லில் அந்த மந்தை ‘தொறு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. கிராமக் கணக்கரின் ஏட்டிலும் ‘மாடு 10, ஆடு 25’ என்று பொருள் முன்னும் எண் பின்னுமாகத்தான் எழுதினார்கள்.

ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட பாஷைகளின் அஃறிணைப் பெயர்கள் இயல்பில் ஒருமை பன்மை என்ற கட்டுக்கு அடங்காதவை என்பதைக் கண்டு, நாலு மாடு மேய்கிறது என்ற தமிழ்ப் பேச்சையே உதாரணமாக எடுத்துக் காட்டினார். அவர் அதைப் பிழை என்று திருத்த முற்படாமல், பாஷையின் சுபாவம் இது என்று பதிந்துவைத்தது பெரிய காரியம். அவருக்குப் பின்னே இங்கிலீஷ் மூலமாகக் கல்வி கற்ற நம்மவர்தான், பாட்டன் பேசியதற்குப் பரீட்சைத் தாளில் சுழி போட ஆரம்பித்தார்கள். இங்கிலீஷில் எண்ணுக்குப் பின் பன்மை வருகிறது. ஆதலால் தமிழிலும் வரவேண்டும். இவ்வளவுதான் அந்தத் தர்க்கம். எண்ணுக்குப் பின் பெயரை ஒருமையிலேயே நிறுத்தும் துருக்கியையும் ஹங்கேரியனையும் யாராவது எடுத்துக் காட்டியிருந்தால் அந்தத் தர்க்கம் அன்றே படுத்திருக்கும்.

‘பத்து மாடு மேய்ந்தது’ என்பதில் வினை ஒருமையாக நிற்பது எழுத்து வழக்குக்கு ஆகாது என்று ஆசிரியர் சொன்னால், அதற்கு இலக்கணத்தில் ஆதாரம் உண்டு, நான் தலைவணங்குகிறேன். வினையில் பன்மை காட்டுவதே நம் மரபு. இத்தாலியர் அளவைச் சொல்லிலும் பெயரிலும் வினையிலும் மும்முறை காட்டுவதை நாம் வினையில் ஒருமுறை காட்டி முடித்துக்கொள்கிறோம். ஆனால் ‘பத்து மாடு மேய்ந்தன’ என்று எழுதியிருக்கும் இடத்தில் மாட்டைச் சுழித்துவிட்டு மாடுகள் என்று திருத்துவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அது தொல்காப்பியரும் பவணந்தியாரும் சாசனக் கல்தச்சரும் ஒருங்கே ஒப்புக்கொண்ட தமிழ். ‘கள்’ சேர்த்து எழுதுவதும் குற்றமன்று. அது எழுதுகிறவன் இஷ்டம்.

எல்லைப்புறப் பள்ளிக்கூடங்களில் இந்தச் சுழி இரட்டிப்புக் கேடு செய்கிறது. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, தெருவில் தமிழ் கேட்டு, மூன்றையும் கலக்காமல் பிரித்தறியும் காதோடு வகுப்பில் வந்து உட்காரும் அஞ்செட்டிப் பிள்ளைக்கு, சந்தையில் தான் கேட்ட தமிழ் பிழையான தமிழ் என்ற எண்ணம் ஏற்பட்டால், அந்தப் பிள்ளை அப்புறம் எழுதத் தயங்கும். ஆகவே தமிழாசிரியர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: ‘நாலு மாடு வந்தன’ என்று எழுதிய தாள் உங்கள் கைக்கு வந்தால், சிவப்பு மையை எடுக்காமல் முழு மதிப்பெண் போடுங்கள், நேரம் இருந்தால், அதே பிள்ளையைக் கூப்பிட்டு அவன் வீட்டில் நாலு மாட்டையும் நாலு மனிதரையும் எவ்வாறு எண்ணுகிறார்கள் என்று கேட்டு, வகுப்பு முழுவதற்கும் கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.